ஊழியம் செய்யாமல் இருக்க ஒரு அறை

களைத்துப்போன ஒரு மிஷனெரியை வீட்டில் தங்கவைக்கப் போகிறீர்கள் என்றால், அவர் வரப்போவதைச் சபையில் யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. ஞாயிறு காலையில் 'ரெண்டே வார்த்தை' சாட்சி, சாயங்காலம் வாலிபர் கூட்டம், நடுவில் ஒரு குடும்பம் சாப்பிடக் கூப்பிடும், இன்னொரு குடும்பம் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகச் சொல்லும், கடைசியில் அந்த மனுஷன் வந்ததைவிட வாடிப்போய்க் கிளம்புவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எல்லாம் அன்புதான். அந்த அன்பைத் தாங்கத்தான் அவரிடம் தெம்பு இல்லை.

நானும் என் கணவரும் பல வருஷங்களாக எங்கள் வீட்டில் ஓர் அறையை இதற்கென்றே விட்டு வைத்திருக்கிறோம். அமைப்பு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போனபின் காலியான அறை அது. மிஷன் ஒன்றில் பொறுப்பில் இருந்த நண்பர் ஒருநாள் போன் பண்ணி, "ஒரு குடும்பம் ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க அக்கா, கொஞ்ச நாள் உங்ககூட வெச்சுக்க முடியுமா" என்று கேட்டார். அப்படித் தொடங்கியது. அதற்குப்பின் வந்து போனவர்களில் தம்பதிகள் உண்டு, தனியாக ஊழியம் செய்யும் பெண்கள் உண்டு, குழந்தைகளோடு வந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: அவர்கள் மிஷனெரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு வீடு.

இதற்கு நாங்கள் பிடித்துக்கொண்ட மாதிரி 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண். எலிசா அந்த வழியாக அடிக்கடி வந்து போகிறார் என்று பார்த்துவிட்டு, மாடியில் ஒரு சின்ன அறை கட்டி, அதில் ஒரு கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு வைக்கலாம் என்று கணவனிடம் சொல்கிறாள். அவ்வளவுதான் பட்டியல். அந்த அறைக்கு வரும் தீர்க்கதரிசி தனக்குப் போதிக்க வேண்டும் என்றோ, ஊராரைக் கூட்டிவைத்துப் பேச வேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. உனக்கு என்ன செய்ய வேண்டும், ராஜாவிடம் பேச வேண்டுமா என்று எலிசாவே கேட்டபோதும், நான் என் ஜனத்தின் நடுவே சுகமாய் இருக்கிறேன் என்று முடித்துவிட்டாள். மகன் பிறந்தது அப்புறம் நடந்த கதை, அதற்காக அவள் அறை கட்டவில்லை.

அறையைப் பற்றிச் சொன்னால், அலங்காரத்தைவிட முக்கியம் கதவு. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் வசதி வேண்டும். பல பணித்தளங்களில் மிஷனெரியின் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அங்கே சாட்சியே. வருஷக்கணக்கில் அப்படி வாழ்ந்தவருக்குத் தாழ்ப்பாள் போடுவதே ஒரு சிகிச்சை. வெளிச்சம் வராத தடித்த திரைச்சீலை போடுங்கள். சுவரில் வசனக் காலண்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். எனக்கு வசனத்தின்மேல் கோபம் இல்லை, ஆனால் கண் விழித்ததும் 'எழும்பிப் பிரகாசி' என்று சுவர் சொன்னால் அவருக்கு அது இன்னொரு வேலை உத்தரவாகத்தான் கேட்கும்.

களைப்பு என்றால் என்ன களைப்பு என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ரெண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் களைப்பு அல்ல இது. இன்று பர்ன்அவுட் என்று சொல்வதை 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரையில் எழுதினார். இலவச மருத்துவமனைகளில் சேவை மனப்பான்மையோடு வேலை செய்தவர்கள் ஒரு கட்டத்தில் எரிந்து தீர்ந்துபோவதைப் பார்த்து எழுதியது அது. அர்ப்பணிப்பு குறைந்தவர்களுக்கு அல்ல, அதிகமாக உள்ளவர்களுக்கு வருவது என்பது முதலிலேயே தெரிந்த விஷயம். பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: உடலும் மனமும் வற்றிப்போவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள்மேலேயே எரிச்சலும் அலட்சியமும் வருவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. இந்த மூன்றையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பார்த்திருக்கிறேன். ரெண்டாவதுதான் பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். தன் வாழ்நாளையே கொடுத்த ஜனத்தைப் பற்றி ஒருவர் கசப்பாக, கிண்டலாகப் பேசும்போது, 'ஐயோ இவர் பின்வாங்கிப் போய்விட்டாரே' என்று நினைக்கத் தோன்றும். திருத்தப் போகாதீர்கள். அது களைப்பின் குரல். பல வாரம் கழித்து அதே ஜனத்தின் பெயர்களை ஆசையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது வகைக்கு ஒரு உதாரணம். பெரிய பணித்தளம் ஒன்றை நடத்தி, எத்தனையோ பேருக்குச் சம்பளம், இடம், சண்டை எல்லாவற்றையும் தீர்த்து வைத்த ஒருவர் வந்திருந்தார். மறுநாள் காலையில் நான் சாதாரணமாக, "டீயா அண்ணே, காபியா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பதில் வரவில்லை. உதடு அசைந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. "எது வேணாலும்மா" என்று சொல்லவே அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. முடிவெடுக்கும் சக்தி அடியோடு தீர்ந்திருந்தது. அன்றிலிருந்து முதல் சில நாட்களுக்கு யாரிடமும் நாங்கள் எதையும் 'எது வேண்டும்' என்று கேட்பதில்லை. ஒன்றைப் போட்டு மேஜையில் வைத்துவிடுவோம், பிடித்தால் குடிக்கட்டும். சாப்பாடும் மூடி வைத்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். கதவைத் தட்டுவதில்லை. மத்தியானம் வரை தூங்கினாலும் தட்டுவதில்லை. வந்த வாரத்திலேயே காய்ச்சல், முதுகுவலி, வயிற்றுக் கோளாறு என்று சிலர் படுத்துவிடுவார்கள், அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த உடம்பு விட்டுக்கொடுக்கிறது. காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள், போன இடத்துக் காய்ச்சல்கள் சில பின்னால் வரும், மலேரியாவும் அதில் ஒன்று.

எலியா தீர்க்கதரிசியின் கதையில் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். பதிலுக்குப் பிரசங்கம் வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வியே 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தபின்தான் வருகிறது. நாம் என்ன செய்கிறோம்? பெட்டியை இறக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். இன்னொன்று, கடைசியில் எலியாவுக்குக் கிடைத்தது வெறும் ஆறுதல் அல்ல, எலிசா என்ற ஒரு ஆள். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கொடுக்காமல், ஓய்வு மட்டும் கொடுத்து அதே இடத்துக்குத் திருப்பி அனுப்பும் மிஷன்களும் சபைகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்விகளைப் பற்றி. எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள், எத்தனை சபை ஆரம்பித்தீர்கள், எப்போது திரும்பிப் போகிறீர்கள், இந்த மூன்றும் எங்கள் வீட்டில் தடை. ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் எழுதி எழுதி அவருக்கே சலித்துப்போன விஷயங்கள் அவை. 'ராத்திரி தூக்கம் வந்துச்சா', 'இன்னிக்கு வெளியே நடக்கலாமா, நானும் வரட்டுமா, தனியா போறீங்களா' இந்த அளவு போதும். பேச ஆரம்பித்தால் அவராகவே பேசுவார், பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது அல்ல, பாத்திரம் தேய்க்கும்போதோ கார் ஓட்டும்போதோ, முகத்தைப் பார்க்க வேண்டாத நேரத்தில். சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி விருந்தாளியைக் கேட்பது நம் மரியாதைகளில் ஒன்று, அதையும் விட்டுவிட்டோம். வீட்டுக்காரர் சுருக்கமாக ஜெபித்துவிட்டுச் சாப்பாட்டைப் பரிமாறலாம். குடும்ப ஜெபம் நடக்கும், வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு சகோதரி ரொம்ப நாள் கழித்து என்னிடம், வேதத்தைத் திறந்தாலே அடுத்த செய்திக்குக் குறிப்பு எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது, தனக்கென்று படிக்கத் தெரியவில்லை என்றார். படிக்காமலே கொஞ்ச நாள் இருங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சீனாவில் ஊழியம் செய்த மிஷனெரி ஹட்சன் டெய்லரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1900இல் அங்கே வெளிநாட்டவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராகப் பாக்ஸர் கலகம் நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. உடலும் மனமும் ஒடிந்து, சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்தார். அவர் ஆரம்பித்த சீன உள்நாட்டு மிஷனில் மட்டும் 58 பெரியவர்களும் 21 குழந்தைகளும் அந்த வருஷம் கொல்லப்பட்டார்கள், அந்தச் செய்திகள் தந்தி தந்தியாக அவரைத் தேடி வந்தன. தந்தியையாவது கூட இருப்பவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இன்று போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பணித்தளத்து வாட்ஸப் குழு நடுராத்திரியிலும் சத்தம் போடும். போனைப் பிடுங்கி வைக்க நமக்கு உரிமை இல்லை, அது வேறு விதமான அவமானம். அவரை அனுப்பியவர்களிடம் முன்கூட்டியே பேசி, அவசரம் என்றால் கூப்பிட ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடு தீப்பிடித்தால், சாவு என்றால், யாராவது கைதானால் மட்டும். மற்றதற்கெல்லாம் பொறுப்பை வேறொருவர் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் வருபவருக்கு நம் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊழியம் பார்ப்பதுதான் நடக்கும்.

சும்மா இருக்கத் தெரியாதவர்கள் இவர்கள், அதையும் சொல்லியாக வேண்டும். தனியாக ஊழியம் செய்த ஒரு பெண் வந்த முதல் வாரம் முழுக்க சிங்க்கை விட்டு நகரவே இல்லை. "குடுங்கக்கா, நான் கழுவுறேன், சும்மா உக்காந்தா என்னமோ மாதிரி இருக்கு." வேண்டாம் வேண்டாம் என்று பிடுங்கினால் இன்னும் சுருங்கிப்போனாள். விட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் புரிந்தது. முடிவுள்ள வேலை இவர்களுக்குப் பிடிக்கிறது. மனிதர்களோடு செய்யும் வேலை முடிவதே இல்லை, இன்றைக்குத் தேறியவர் நாளைக்கு விழுவார். பாத்திரம் கழுவினால் கழுவியதாகிவிடும். அதனால் துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, பழைய நாற்காலிக்குப் பெயின்ட் அடிப்பது என்று ஒன்றிரண்டு வேலை கைக்கு எட்டுகிற மாதிரி விட்டு வைப்போம், செய் என்று சொல்வதில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டு நாற்காலி எல்லாவற்றுக்கும் நீலம் அடித்துவிட்டுத்தான் போனாள். எனக்கு நீலம் பிடிக்காது, இருந்தாலும் அப்படியே வைத்திருக்கிறோம்.

போதகர்களைச் சமாளிப்பது என் கணவரின் இலாகா. எப்படியோ விஷயம் தெரிந்து, "வந்திருக்கார்னு கேள்விப்பட்டேன், ஞாயித்துக்கிழமை அஞ்சே நிமிஷம்" என்று ஒரு போன் வரும். இவர், "பாஸ்டர், கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தா மேடையேறி ஓடிக் காட்டச் சொல்வீங்களா?" என்று கேட்பார். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். இந்த 'இல்லை'யை நாம்தான் சொல்ல வேண்டும், விருந்தாளி சொல்ல மாட்டார். காணிக்கை கொடுக்கும் சபைக்கு முகம் சுளிக்கும்படி நடந்தால் மாதாந்தர ஆதரவு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அதே காரணத்துக்காகத்தான் அவர்களைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு சிரிக்கும் ஒரு படத்துக்குக் கீழே 'ஊழியத்துக்குக் கொடுத்த பணத்தில் உல்லாசமா' என்று ஒரு ஆதரவாளர் கேட்டுவிட்டால், அந்தக் குடும்பம் இனி ஜென்மத்துக்கும் ஓய்வெடுக்காது. ஆதரவு அனுப்புகிற சபையில் நீங்கள் இருந்தால், ஓய்வு மாதங்களிலும் பணம் குறையாமல் போகும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டு அதை அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நல்ல சாப்பாட்டைவிட அது அதிகம் தூக்கம் தரும்.

ஓய்வு ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனெரிகள் 1845இலேயே கொடைக்கானல் மலையில் வீடு கட்டினார்கள், வெயிலும் காய்ச்சலும் சாவும் அவர்களை விரட்டியதால். ஜப்பானில் கருய்சாவாவைக் கோடை வாசஸ்தலம் ஆக்கியவர் அலெக்சாண்டர் ஷா என்ற மிஷனெரி, அங்கே அவர் வீடு போட்டது 1888இல். காய்ச்சல் கண்ணுக்குத் தெரிந்ததால் மலைக்கு அனுப்பினார்கள். மனக்களைப்புக்குத் தெர்மாமீட்டர் இல்லை, அதனால் 'ஜெபம் குறைந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம்.

மனைவிமார் விஷயம் தனியாக எழுத வேண்டியது, இருந்தாலும் இங்கே கொஞ்சம். எல்லோரும் ஐயாவை விசாரிப்பார்கள், அம்மா சமையலறையில் இருப்பார். வேதாகமத்தை இந்திய மொழிகளில் பெயர்த்த மிஷனெரி வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தபோது அவர் மனைவி டாரத்தி முதலில் வர மறுத்தவர். மறுவருஷம் மகன் பீட்டர் இறந்தான். அதற்குப்பின் மனநோயில் விழுந்து 1807இல் சாகும்வரை மீளவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளை அறிந்த அளவுக்கு டாரத்தியை நமக்குத் தெரியாது. அதனால் தம்பதிகள் வந்தால் மனைவியைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை, அவர்களே ஆசைப்பட்டால் ஒழிய. ரெண்டு மணி நேரம் குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்காவது போய் வாருங்கள் என்று துரத்துவோம். குழந்தைகளிடம் 'அந்த ஊர் பிடிக்குமா, இந்த ஊர் பிடிக்குமா' என்று கேட்காதீர்கள், பெரியவர்களே பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள், மனப்பாட வசனம் கேட்காதீர்கள். அவர்கள் சத்தம் போடட்டும், அடம் பிடிக்கட்டும். ஊழியக்காரர் பிள்ளை இப்படி நடக்கலாமா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் வேறு ஆளாகிவிடுகிறார்கள்.

கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கிறிஸ்தவ வட்டாரத்தில் இன்னும் கஷ்டம், ஏனென்றால் நம்மிடம் 'ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன்' என்று ஒரு வழி இருக்கிறது. தம்பதிக்குள் என்ன பிரச்சினை, தலைவரோடு என்ன மனக்கசப்பு, விசுவாசமே ஆடுகிறது என்று அழுதது, எதுவும் ஜெபக்குழுவுக்குப் போகக் கூடாது. அனுப்பிய மிஷனுக்கும் போகக் கூடாது. அவர்கள் கேட்டால், நன்றாகச் சாப்பிடுகிறார், மற்றதை அவரிடமே கேளுங்கள் என்பதுதான் எங்கள் பதில்.

நமக்கு ஒரு எல்லை உண்டு, நாம் டாக்டர் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த நிலை என்றுதான் சேர்த்தது, நோய் என்று அல்ல. ஆனால் அதற்குள் மனச்சோர்வு நோய் ஒளிந்திருக்கலாம், கலவரத்தையோ கொலையையோ பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதிர்ச்சியின் பாதிப்பு இருக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பிடவில்லை, எதிலும் ஒட்டவில்லை, திடுக்கிட்டு எழுகிறார் என்றால் ஓய்வும் கஞ்சியும் போதாது, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 'கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது' என்ற பேச்சை பக்திப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும்போல் இருக்கிறதா, அதற்கு ஏதாவது வழி யோசித்தீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போங்கள். பர்மாவில் அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனெரி 1826இல் மனைவியையும் சில மாதத்தில் மகளையும் இழந்தபின், காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்து, ஒரு சவக்குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு பள்ளியில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய், 1834இல் பர்மிய வேதாகமத்தை முடித்ததை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

உபசரிப்பவர்களுக்கும் கணக்கு வேண்டும். எத்தனை வாரம் என்பதை வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், கடைசி நாள் தெரிந்தால்தான் ரெண்டு பக்கமும் நிம்மதி. ஒரு குடும்பம் போனதும் அடுத்தவரை உடனே வரவைக்காதீர்கள். அறையைப் பூட்டிவைத்து நீங்களும் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருங்கள். கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் விருப்பம் இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம். அப்புறம், பலனை எதிர்பார்க்கக் கூடாது. எங்களிடம் வந்தவர்களில் சிலர் திரும்பப் போனார்கள், சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருவர் சபைக்கே வருவதில்லை, ஆனால் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். மூன்றும் எங்களுக்குச் சரிதான்.

தனி அறை இல்லையே என்பவர்களுக்கு: நீங்கள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், அது எங்கள் உபசரிப்பைவிட மேல், வீட்டுக்காரரே இல்லையல்லவா. கொடுக்கும்போது வைஃபை பாஸ்வேர்டு, தண்ணீர் மோட்டார் சுவிட்ச், குப்பை எடுக்கும் நாள், அடுத்த வீட்டுக்காரர் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பண்ணிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.